எனக்கு இல்லாத கட்டம்

எங்கள் ஓய்வூதியர் சங்கத்து ஆண்டு மலருக்கு என்னையும் எழுதச் சொல்லிக் கடிதம் வந்தது. ‘பணிக்காலத்தில் நீங்கள் பெருமைப்படும் சம்பவம் ஒன்று’ என்று கேட்டிருந்தார்கள். பெருமைப்படும் சம்பவங்களை மற்றவர்கள் எழுதுவார்கள். பக்கத்துக்குப் பக்கம் மதகு கட்டியிருப்பார்கள். நான் பொறாமைப்பட்ட கதையை எழுதுகிறேன். அந்த விஷயத்தில் எனக்கு அனுபவம் அதிகம்.

ஆற்றுப் பாசன அலுவலகம் ஒன்றின் வரைபடப் பிரிவில் நான் ஃபெரோ பிரிண்டர். இன்று வேலையில் சேரும் பிள்ளைகளுக்கு அந்தப் பதவியின் பெயரே சிரிப்பாக இருக்கிறது. அவர்களுக்குப் பட்டனைத் தட்டினால் மெஷின் படத்தை நாக்குப் போல நீட்டுகிறது. எங்களுக்கு ஒரு படத்தை இரண்டு படமாக்கச் சூரியன் வேண்டும். திருச்சி வெயிலைத் திட்டாத ஆள் கிடையாது. நான் மட்டும் திட்டியதில்லை, எனக்குச் சோறு போட்டது அது.

வேலையைக் கற்றுக்கொண்டதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எனக்கு முன்னால் இருந்தவர் ஓய்வு பெற நான்கு மாதம் பாக்கி இருந்தது. அந்த நான்கு மாதமும் அவர் பின்னாலேயே மாடிப்படி ஏறி இறங்கினேன். ஐந்தாம் மாதம் மொட்டை மாடி என் ராஜ்ஜியம்.

செய்முறையைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். பச்சையாக ஓர் உப்பு, சிவப்பாக ஓர் உப்பு. இரண்டையும் தனித்தனியே கரைத்து, ஜன்னல் அடைத்த அறையில் சரிக்குச் சரி கலந்து, அகலத் தூரிகையால் காகிதத்தில் தடவி, அங்கேயே காயவிட வேண்டும். காய்ந்தால் காகிதம் எலுமிச்சைத் தளிரைப் போல மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். அதுதான் ஃபெரோ பேப்பர். வெளிச்சம் பட்டால் அது மாறும். தேக்குச் சட்டத்தில் கனத்த கண்ணாடி போட்ட ஃபிரேம் ஒன்று உண்டு. கண்ணாடியை ஒட்டி, வெளிச்சம் ஊடுருவும் டிரேசிங் துணியில் வரைந்த படம், அதன் முதுகில் ஃபெரோ பேப்பர், அதன் முதுகில் கம்பளித் துணி, கடைசியில் பலகை. இறுக்கிப் பூட்டி வெயிலில் சாய்த்து வைப்பேன். சித்திரை உச்சி வெயிலுக்கு நான்கு நிமிடம். மார்கழிக் காலைக்கு இருபது. கடிகாரத்தை நம்பக் கூடாது. காகிதத்தின் ஓரம் நீலமாகி, நீலம் கடந்து, பழைய வெண்கலப் பாத்திரம் போல மங்கும்போது எடுக்க வேண்டும். பிறகு தொட்டித் தண்ணீரில் போட்டால் மஞ்சள் கரைந்து ஓடும். கோடு இருந்த இடம் வெள்ளை, மற்ற இடமெல்லாம் நீலம்.

தண்ணீரிலும் ஒரு சூட்சுமம் உண்டு. போர் தண்ணீரில் அலசினால் நீலம் வெளிறிவிடும். காவிரிக் குழாயில் பிடித்த தண்ணீர்தான் ஆகும். மாடியில் இரண்டு சிமெண்டுத் தொட்டிகள், ஒன்று கழுவ, ஒன்று அலச. நீலத்துக்கு எமன் சலவை சோடா. அந்த எமனையே நாங்கள் வேலைக்கும் வைத்திருந்தோம். நீலப் பிரதியில் திருத்தம் செய்ய வேண்டுமானால் சோடாத் தண்ணீரில் பேனாவைத் தொட்டு எழுதுவார்கள், தொட்ட இடம் வெளுத்து எழுத்தாகும். ஆனால் அந்த எழுத்தின் மேல் டீ சிந்திவிட்டால் கதை முடிந்தது. வெளுத்த இடம் பழுப்பாகிக் கறுக்கும், பிறகு எதற்கும் போகாது. ‘சோடா எழுத்துக்குப் பக்கத்தில் டம்ளர் வைக்காதே’ என்பது எங்கள் பிரிவில் எழுதப்படாத சட்டம்.

அந்தச் சட்டத்தைக் காப்பவர் தலைமை வரைவாளர் வேதமாணிக்கம் சார். அவர் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. கையில் ஒரு சிவப்புப் பென்சில் இருக்கும். படத்தை மேசையில் விரித்து, இடமிருந்து வலம் ஒருமுறை, மேலிருந்து கீழ் ஒருமுறை, பிறகு தலைகீழாகத் திருப்பி வைத்து ஒருமுறை பார்ப்பார். தப்பு இருக்கும் இடத்தில் சின்னதாக ஒரு டிக். என்ன தப்பு என்று சொல்ல மாட்டார், நாமே கண்டுபிடிக்க வேண்டும். தப்பே இல்லையென்றால் பென்சிலைக் காதில் செருகிவிட்டு, கையெழுத்துப் போடப் பேனாவை எடுப்பார். அவர் பென்சில் காதுக்குப் போகும் அந்த நொடிக்காகத்தான் பிரிவு முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

படத்தின் வலது கீழ் மூலையில் மூன்று கட்டங்கள் உண்டு: வரைந்தவர், டிரேஸ் செய்தவர், சரிபார்த்தவர். மூன்று பேரும் கையெழுத்துப் போடுவார்கள். நான்காவதாகப் பிரிண்ட் எடுத்தவனுக்குக் கட்டம் கிடையாது. வருடக்கணக்கில் மற்றவர்களுடைய பெயரை வெயிலில் வைத்து, கழுவி, காயப்போட்டு, மடித்துக் கொடுத்தேன். துணி வெளுப்பவர் ஊரார் சட்டையைப் போட்டுப் பார்ப்பதில்லை என்று நானே எனக்குச் சொல்லிக்கொள்வேன். மனசு கேட்காது. அந்த மூலையில் எனக்கும் ஒரு கட்டம் வேண்டும். வேறு எதற்கும் நான் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

அப்போதுதான் வைதேகியம்மா எங்கள் பிரிவுக்கு மாற்றலாகி வந்தார். ஸ்ரீரங்கத்துக்காரர், டிரேசர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். மூன்றில் ஒரு கட்டம் அவருக்கு வந்த அன்றே கிடைத்துவிட்டது. அது போகட்டும். ஒரு நாள் மதிய இடைவேளையில் மாடிக்கு வந்தார்.

“பாய், ஃபிரேமைப் பத்து நிமிஷம் தரேளா? ஓரம் கிழிஞ்ச பேப்பர் ஏதாவது இருந்தாலும் போறும்.”

கொடுத்தேன். பையிலிருந்து வாழைநாரை எடுத்தார். ஸ்ரீரங்கத்தில் பூக்கட்டுகிறவர்கள் வைத்திருப்பார்களே, அந்த நார். அதைக் கிழித்து, சில இடத்தில் முடிச்சுப் போட்டு, சில இடத்தில் பிரித்துவிட்டு, கண்ணாடிக்கும் ஃபெரோ பேப்பருக்கும் நடுவில் வைத்தார். வெயில் காட்டிக் கழுவியபோது நீலத்தில் வெள்ளையாக ஓர் அருவி இறங்கியது. நான் பல வருடமாகத் தொடும் அதே காகிதம், அதே ஃபிரேம், அதே தண்ணீர். எனக்கு ஒரு நாளும் அதில் படத்தைத் தவிர வேறெதுவும் தெரிந்ததில்லை. வயிறு எரிந்தது. வேறு சொல் போட்டு எழுத எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு வாரம் இரண்டு நாள் வந்தார். கறிவேப்பிலை ஈர்க்கு, கிழிந்த சல்லடை, தலையில் வைத்து வாடிய தாழம்பூ மடல். பிரிவில் எல்லாரும் வந்து பார்ப்பார்கள். “வைதேகி மேடம் கையில என்னமோ இருக்குய்யா” என்பார்கள். நீலம் அப்படிப் பிடிப்பதற்குக் காகிதத்தில் மருந்து தடவியவன் கையில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

நானும் செய்து பார்த்தேன். இதுவரை இதை என் மனைவி ஹமீதாவைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாக அலுவலகம் போய், மூலைமட்டம், வளைவு வரையும் சட்டம், காம்பஸ் எல்லாவற்றையும் அழகாக அடுக்கி ஒரு பிரிண்ட் எடுத்தேன். அந்த நீலம் மாதிரி நீலம் வைதேகியம்மாவுக்கு ஒரு நாளும் வந்ததில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். திங்கட்கிழமை அதை வேதமாணிக்கம் சார் மேசையில் வைத்தேன். இடமிருந்து வலம் பார்த்தார். மேலிருந்து கீழ் பார்த்தார். தலைகீழாகவும் திருப்பினார்.

“ஜமால், இது எந்த வேலைக்கு? டிராயிங் நம்பர் போடலையே?”

“சும்மாதான் சார்” என்று வாங்கிக்கொண்டு வந்தேன். மாடியில் போய் நான்காக மடித்து, பிறகு எட்டாக மடித்தேன்.

அந்த வருடம் சென்னையிலிருந்து பெரிய பொறியாளர் ஒருவர் ஆய்வுக்கு வருவதாக இருந்தது. கூட்ட அறைச் சுவர் மொட்டையாக இருக்கிறது, வைதேகியம்மாவின் நார்ப்படம் ஒன்றைப் பெரிதாகச் செய்து மாட்டலாம் என்று வேதமாணிக்கம் சார் சொல்லிவிட்டார். சொன்னதோடு விட்டாரா? “கீழே பேர் எழுதிடும்மா, பெருசா எழுது” என்றார். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

“அந்தம்மா பேரு செவுத்துல ஏறுனா உங்களுக்கு என்னங்க நட்டம்?” என்றாள் ஹமீதா. “இது ஹஸதுங்க. நல்லதுக்கில்ல, சொல்லிட்டேன்.” எங்கள் வீடுகளில் பொறாமையை அப்படித்தான் சொல்வோம்.

ஆய்வுக்கு முதல் நாள் உச்சி வேளை. வைதேகியம்மா ஒரு முழுத் தாளில் காவிரியையும் கொள்ளிடத்தையும் வைத்தார். மேலே ஒரே புரியாக வரும் நார், முக்கொம்பில் இரண்டாகப் பிரிந்து, நடுவில் ஸ்ரீரங்கத்தைத் தீவாக விட்டு, தனித்தனியே கிழக்கே போகிறது. எத்தனையோ வருடம் அந்த ஆற்றின் படத்தை டிரேஸ் செய்த கை. ஒரு வளைவுகூடத் தப்பவில்லை. மணல்திட்டு இருக்கும் இடங்களில் நாரை மயிரிழையாகப் பிரித்துவிட்டிருந்தார். ஃபிரேமைத் திறந்தபோதே தெரிந்துவிட்டது, இதுவரை செய்ததெல்லாம் இதற்குப் பழக்கம்தான் என்று.

கை தவறிவிட்டது என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. கை தவறவில்லை. அவர் முதல் தொட்டியில் தாளைக் கழுவிக்கொண்டிருந்தபோது, நான் திரும்பி நின்று இரண்டாம் தொட்டியில் இரண்டு கைப்பிடி சலவை சோடாவைப் போட்டுக் கலக்கினேன்.

“அம்மா, இதுல அலசுங்க. இப்பதான் புடிச்ச தண்ணி.”

அவர் நம்பித் தாளை அதில் இறக்கினார். நீலம் முதலில் ஊதாவானது. பிறகு ஓரத்திலிருந்து வெளுத்துக்கொண்டே வந்தது. நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே நின்றோம். கொஞ்ச நேரத்தில் மொத்தமும் சோறு வடித்த கஞ்சி நிறமாகிவிட்டது. ஆறும் கரையும் ஒன்றுதான் என்று ஆயிற்று. கண்ணை இடுக்கிப் பார்த்தால் மட்டும் லேசாக ஒரு மஞ்சள் கறை.

அவர் அழவில்லை. தண்ணீரிலிருந்து கையை எடுத்து விரல்களைத் தேய்த்துப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. “குழாய்த் தண்ணி ரெண்டு குடம் கொண்டு வாங்கோ பாய்” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீழே போனார். நான் கொண்டுவந்து வைத்தேன். திரும்பி வந்தபோது அவர் கையில் கேண்டீன் தூக்கு. அதில் பால் விடாத டீ டிகாஷன், ஆவி பறந்தது. தாளைக் குழாய்த் தண்ணீரில் அலசி, சிமெண்டுத் தரையில் விரித்து, டிகாஷனை மெதுவாக அதன் மேல் ஊற்றினார்.

சோடா எழுத்தின் மேல் டீ சிந்தினால் என்ன ஆகும் என்று பிரிவில் எல்லாருக்கும் தெரியும். ஒரு தாள் முழுவதையும் சோடா எழுத்தாக நினைத்துப் பார்க்க அவர் ஒருவருக்குத்தான் தோன்றியது. வெளுத்த இடமெல்லாம் பழுப்பாகிக் கறுத்தது. நார் இருந்த இடம் மணல் நிறத்தில் தங்கியது. நீலத்தில் அது தண்ணீர் ஓடும் காவிரியாக இருந்தது. இப்போது சித்திரை மாதத்துக் காவிரி, வெறும் மணலும் அதில் நீர் போன தடமும். நான் பாலத்தின் மேல் சைக்கிளில் போகும்போதெல்லாம் பார்த்து மனம் வெதும்பிய அதே ஆறு.

மறுநாள் வந்த பெரிய பொறியாளர் ஆய்வை விட்டுவிட்டு அந்தப் படத்தின் முன் நின்றார். வேதமாணிக்கம் சார் முதல் நாள் மாலையே அதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துப் பென்சிலைக் காதில் செருகியிருந்தார். கெடுக்க நினைத்தவன் கையாலேயே அந்தப் படம் பத்து மடங்கு நன்றாகிவிட்டது. இதைவிட ஒரு பொறாமைக்காரனுக்குத் தண்டனை உண்டா?

உண்டு. வைதேகியம்மா ஓய்வு பெற்ற பிறகு வீட்டு மாடியில் அதே முறையில் படம் செய்ய ஆரம்பித்தார். வெயில், சோடா, டீ. பத்திரிகைகளில் எழுதினார்கள். ஒவ்வொன்றையும் வெட்டி ஒரு ஃபைலில் வைத்திருக்கிறேன். எதற்கு என்று கேட்காதீர்கள், புண்ணைச் சொறிந்துகொண்டே இருப்பதில் ஒரு சுகம். எல்லாப் பேட்டியிலும் டீயைப் பற்றிப் பக்கம் பக்கமாகச் சொல்லியிருப்பார். சோடாவைப் பற்றி ஒரு வரி இருக்காது.

“பாத்தியா? சோடா இல்லாம டீ என்னத்தைக் கிழிக்கும்? நம்ம சோடாவை மறைச்சிட்டாங்க பாரு” என்பேன் ஹமீதாவிடம்.

“நீங்க என்னமோ புண்ணியத்துக்குச் சோடா போட்ட மாதிரி பேசுறீங்களே” என்பாள் அவள். நியாயம்தான். ஆனாலும் எனக்கு ஆறவில்லை. செய்த துரோகத்துக்குக்கூடப் பெயர் கிடைக்கவில்லையே என்று ஒருவன் ஏங்குவான் என்றால் யாராவது நம்புவார்களா? நான் ஏங்கினேன்.

போன மாதம் தென்னூரில் ஒரு மண்டபத்தில் அவர் படங்களின் கண்காட்சி நடந்தது. நடத்தியது நிவேதா என்ற பெண், கட்டடக் கலை படித்தவள். அவளே தொலைபேசியில் கூப்பிட்டாள். “ஐயா, நீங்க கண்டிப்பா வரணும்னு மேடம் சொன்னாங்க.” குறுகுறுத்தது. போகக் கூடாது என்று முடிவு செய்து, முதல் ஆளாகப் போய் நின்றேன்.

வாசலுக்கு நேரே அந்தச் சித்திரைக் காவிரி. பழைய கூட்ட அறையை இடித்தபோது அவரே கேட்டு வாங்கிக்கொண்டு போனதாகக் கேள்விப்பட்டிருந்தேன். டிகாஷன் நிறம் கொஞ்சமும் மங்கவில்லை. பக்கத்தில் ஒரு சின்ன அட்டை. எங்கள் அலுவலகப் படங்களின் வலது மூலையில் இருக்குமே, அதே மாதிரி கட்டம் கட்டி, அதே டிரேசர் எழுத்து.

நார் வைத்தவர்: வைதேகி.

சோடா போட்டவர்: ஜமாலுதீன்.

டீ ஊற்றியவர்: வைதேகி.

சரிபார்த்தவர்: அந்தக் கட்டம் மட்டும் காலி.

என் பெயரை மூன்று முறை படித்தேன். வந்திருந்த பிள்ளைகளும் படித்தார்கள். “சோடா சார் நீங்கதானா?” என்று ஒரு பையன் கை கொடுத்தான். நிவேதா என் பக்கம் திரும்பிக் கை தட்ட, கூட்டம் தட்டியது. அவர்கள் கண்ணுக்கு அந்த அட்டை எனக்குச் சொன்ன நன்றி. நாற்காலியில் உட்கார்ந்திருந்த வைதேகியம்மா மட்டும் தட்டவில்லை.

கூட்டம் கலைந்ததும் அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

“அம்மா, அந்தச் சோடா…”

“அன்னிக்கே தெரியும் பாய். கையெல்லாம் வழவழன்னு இருந்தது. காவேரித் தண்ணி எங்கேயாவது வழவழக்குமோ?”

“பின்ன ஏம்மா யாருகிட்டயும் சொல்லல?”

“சொன்னா உங்களை மாத்திடுவா. புதுசா வரவர் எனக்கு ஃபிரேம் தருவாரா? அந்த ஆபீஸ்ல எனக்கு வெயில் குடுத்தது நீங்க ஒருத்தர்தான்.”

“கோவமே வரலையா?”

“வராம என்ன? இத்தனை வருஷம் பேட்டி பேட்டியா டீயை மட்டும் சொல்லிண்டிருந்தேனே, அது என்னன்னு நினைச்சேள்? உங்க பேரு ஒரு எடத்துலயும் வரப்படாதுன்னுதான். உங்களுக்கு எது வேணும்னு எனக்குத் தெரியாதா பாய்? மூலையில இருக்கற கட்டத்தையே பாத்துண்டு நிப்பேளே.”

அவர் கைப்பையைத் திறந்தார்.

“எண்பதைத் தொடப் போறேன். பாதி உண்மையைத் தூக்கிண்டு மாடி ஏற முடியலை. அதான் எழுதிட்டேன். சரிபார்த்தவர் கட்டம் உங்களுக்காகத்தான் காலியா விட்டிருக்கேன். தப்பு இருந்தா டிக் போடுங்கோ.”

சிவப்புப் பென்சிலை நீட்டினார்.

வாங்கிக்கொண்டு அட்டையின் முன் போய் நின்றேன். வாழ்நாள் முழுவதும் கேட்ட கட்டம். அதில் என் பெயர், அதன் முன்னால் நான் செய்த காரியம். பார்க்கிறவர்களுக்கெல்லாம் அது மரியாதை. எங்கள் இருவருக்கு மட்டும் அது குற்றப்பத்திரிகை. அட்டைக்கு மேலே அந்த ஆறு. இன்றைக்கும் அதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. அதில் மாற்றமில்லை.

இடமிருந்து வலம் ஒருமுறை பார்த்தேன். மேலிருந்து கீழ் ஒருமுறை பார்த்தேன். சுவரில் ஒட்டிய அட்டையைத் தலைகீழாகத் திருப்ப முடியாது, அதனால் நானே தலையைச் சாய்த்து ஒருமுறை பார்த்தேன்.

பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, சட்டைப் பையில் பேனாவைத் தேடினேன்.